‘மாதிரி சிறியது’ என்று எழுதினால் விமர்சனம் ஆகிவிடுமா?

கேள்வி: உளவியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். அறிவாற்றல் உளவியல் செமினாரில் வாரம் ஓர் ஆய்வுக்கட்டுரையை எடுத்து விமர்சித்துப் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் ‘மாதிரி (ஆய்வில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை) சிறியது, மேலும் ஆய்வுகள் தேவை’ என்றுதான் முடிக்கிறேன். போன வாரம் ஆசிரியர், “இது எந்தக் கட்டுரைக்கும் பொருந்துமே. இந்தக் கட்டுரையைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பேர்போன ஆய்வுகள் பலவற்றைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்று தெரிந்ததிலிருந்து எதைப் படித்தாலும் நம்பிக்கை வருவதில்லை. தவறான துறைக்கு வந்துவிட்டேனா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முன்பு எல்லாவற்றையும் நம்பினீர்கள், இப்போது எதையுமே நம்புவதில்லை. இரண்டு வழியிலும் கட்டுரையைப் பிரித்துப் படிக்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது, கவனித்தீர்களா? உங்கள் ஆசிரியர் கேட்பது அந்த வேலையைத்தான். சந்தேகப்படுவது சுலபம். எதைச் சந்தேகப்படுகிறோம் என்று விரல் வைத்துக் காட்டுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

அடுத்த கட்டுரையைக் கையில் எடுத்ததும் ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்காதீர்கள். நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். அங்கே பங்கேற்பாளராக நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தது யார், கையில் என்ன கொடுத்தார்கள், என்ன சொன்னார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள்?

1996இல் ஜான் பார்க் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாணவர்களுக்குக் கலைத்துப் போட்ட சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவின் தாளில் மட்டும் நரை, தோல் சுருக்கம் என முதுமையை நினைவூட்டும் சொற்கள் கலந்திருந்தன. வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு நடைவழியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று ஸ்டாப்வாட்ச்சில் குறித்தார்கள். முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் சுமார் ஒரு விநாடி அதிகம் எடுத்துக்கொண்டார்கள் என்றது கட்டுரை. நாம் அறியாமலே சொற்கள் நம் கால்களைத் தாமதப்படுத்துகின்றன என்பது வசீகரமான முடிவு. பாடப்புத்தகங்களிலும் ஏறியது.

இப்போது அந்த நடைவழியில் நில்லுங்கள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவது ஒரு மனிதரின் விரல். தாளைக் கொடுத்தவருக்கு அதில் என்ன சொற்கள் இருந்தன என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அவர் குரலிலும் முகத்திலும் ஏதாவது மாறியிருக்குமா? 2012இல் பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் துவாயென் குழுவினர் இந்தக் கேள்விகளையே ஆய்வாக்கினார்கள். ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதில் அகச்சிவப்பு சென்சார்களை வைத்து 120 பேரை நடக்கவிட்டபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறகு, ஆய்வை நடத்துபவர்களிடமே ‘இவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் மெதுவாக நடந்தார்கள்!

இதுதான் விமர்சனம். ‘மாதிரி சிறியது’ என்ற வரியிலிருந்து இது எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது பாருங்கள். ஆய்வு எந்த இடத்தில் வேறு வழியில் போயிருக்கலாம் என்று சொல்கிறது, அதைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆய்வுமுறையையும் முடிவுகளையும் படித்ததும் விவாதப் பகுதியை ஒரு தாளால் மூடிவிடுங்கள். ‘இதே எண்கள் வேறு என்ன காரணத்தால் வந்திருக்கலாம்?’ என்று இரண்டு மூன்று காரணங்களை எழுதுங்கள். கட்டுரையாசிரியரின் விளக்கத்தை முதலில் படித்துவிட்டால் வேறு விளக்கம் தோன்றவே தோன்றாது. மொசார்ட் இசை கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சின் மூலம் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. கல்லூரி மாணவர்கள் 36 பேர், பத்து நிமிட இசை, அதன்பின் இடஞ்சார் சிந்தனைக்கான (வடிவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் திறனுக்கான) சில கணக்குகள். விளைவு கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. குழந்தைகள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தது அமைதியாக உட்கார்ந்திருந்ததோடும், உடலைத் தளர்த்தச் சொல்லும் ஒலிநாடாவைக் கேட்டதோடும். சும்மா உட்கார்ந்திருப்பவரைவிடப் பிடித்ததைக் கேட்டவர் சுறுசுறுப்பாக இருக்கமாட்டாரா? 1999இல் வேறு இருவர் இசையோடு ஒரு கதையையும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். கதை பிடித்தவர்கள் கதை கேட்டபின் நன்றாகச் செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டுவிட்டார்.

இனி உங்கள் ‘மாதிரி சிறியது’. அது சில நேரம் சரி, சில நேரம் வெறும் சடங்கு. பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதி, எழுத்தின் நிறத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறும். 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் காட்டிய இந்த விளைவைக் காண ஆயிரம் பேர் வேண்டாம், உங்கள் வகுப்பே போதும். விளைவு பெரியது, ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுகிறோம், பலமுறை அளக்கிறோம். விளைவு மெல்லியதாக இருந்து, ஆளுக்கு ஒரே ஒரு முறை அளந்து, இரண்டு குழுக்களை ஒப்பிட்டால்தான் சில பத்துப் பேர் போதாது. எனவே ‘எவ்வளவு பெரிய விளைவைப் பிடிக்க இத்தனை பேர்?’ என்று கேளுங்கள்.

எத்தனை சோதனைகள் ஓட்டினார்கள் என்பதையும் எண்ணுங்கள். எந்த விளைவும் இல்லாத இடத்தில்கூட, 0.05 என்ற வரம்போடு (அதாவது, இருபதில் ஒரு முறை தற்செயலாகத் தவறலாம் என்று ஏற்றுக்கொண்டு) ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது தற்செயலாக ‘குறிப்பிடத்தக்கது’ என்று வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூளைப் படங்களில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதிப்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2009இல் கிரெய்க் பென்னெட் குழுவினர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். இத்தனை சோதனைகள் செய்ததற்கு ஏற்ப வரம்பைக் கடுமையாக்கும் திருத்தம் செய்யாதபோது மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. திருத்தியதும் மறைந்துவிட்டது. வண்ணப் படத்தைப் பார்த்து மயங்கும்போதெல்லாம் அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

தவறான துறையா என்று கேட்டீர்கள். உங்களைக் கலங்கடித்தது 2015ஆம் ஆண்டின் அந்தப் பெரிய முயற்சியாக இருக்கலாம். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 சதவீதத்தில்தான் மீண்டும் குறிப்பிடத்தக்க முடிவு வந்தது. சமூக உளவியலில் அது கால்வாசி, அறிவாற்றல் உளவியலில் ஏறக்குறைய பாதி. மீதியெல்லாம் பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுஆய்வும் தவறலாம், சூழல் மாறியிருக்கலாம். ஆனாலும் எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இந்தக் கணக்கை எடுத்தது வெளியாட்கள் அல்ல, உளவியலாளர்களே. தம் வீட்டுத் தூணைத் தாமே தட்டிப் பார்த்தார்கள். முடிவைப் பார்ப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தைப் பதிவு செய்துவைக்கும் வழக்கம் பரவியதும் இந்த அலையில்தான். உங்கள் கட்டுரைக்கு அப்படி ஒரு முன்பதிவு இருந்தால் எடுத்துப் பாருங்கள். திட்டத்தில் இருந்து கட்டுரையில் காணாமல்போன அளவீடு ஏதாவது இருக்கிறதா?

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செமினாருக்கு உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன, உண்மையாக இருக்க வேண்டும் என்று நீங்களே ஆசைப்படும் ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காத கட்டுரையில் ஓட்டை தானாகவே கண்ணில் படும். பேசத் தொடங்கும்போது முடிவைச் சொல்லாதீர்கள். பங்கேற்பாளர் அறைக்குள் நுழைந்த கணத்திலிருந்து தொடங்குங்கள்.