கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: ஸ்போர்ட்ஸ் கார் கிளட்ச் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது டர்போ பெட்ரோல் எஞ்சின். ஐந்தாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. முதல் இரண்டு கியரில் ஒரு குறையும் இல்லை. கிளட்ச் போய்விட்டதா?

பதில்: ஸ்லிப் ஆகிறது, அதாவது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குகிறது. கீழ் கியரில் வண்டி இலகுவாக முன்னே ஓடிவிடும், கிளட்சின் மேல் பாரம் நிலைத்து நிற்காது. மேல் கியரில் எஞ்சினின் முழு முறுக்குவிசையும் பல விநாடிகள் தொடர்ந்து விழும். அதனால் குறை அங்கேதான் முதலில் தெரியும். உறுதிசெய்ய, எஞ்சின் சூடானபின், காலியான சாலையில், நான்காம் கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். இரண்டு முறைக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம். ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட்டை, அதாவது எஞ்சினின் சுழற்சியை உரசிப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டைத்தான் எரிக்கிறீர்கள்.

ஆனால் உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். பிளேட் தேய்ந்திருக்கலாம், அதன்மேல் ஆயில் பட்டிருக்கலாம். மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் பார்ப்பதில்லை: பெடலை விட்ட பிறகும் ஹைட்ராலிக் லைனில் (பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் எண்ணெய்க் குழாய்) அழுத்தம் தங்கி, ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் தட்டு) இலேசாக அழுத்திக்கொண்டே இருப்பது. வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடித்து, அரை மணி ஓடியபின் மட்டும் ஸ்லிப் ஆனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

கேள்வி: அந்த அழுத்தம் தங்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்லிப் ஆகிற நிலையிலேயே வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை யாரும் தொடாமல் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளை (ஏர் எடுக்கும் சிறு திருகு) கால் சுற்று திறவுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எண்ணெய் பீய்ச்சி அடித்தால் அழுத்தம் தங்கியிருக்கிறது. மூடிவிட்டு ஓட்டும்போது ஸ்லிப் மறைந்திருந்தால் பிளேட் மேல் குற்றமில்லை.

காரணம் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் பக்கம் எண்ணெயை அழுத்தும் சிலிண்டர்) புஷ்ராடில், அதாவது பெடலையும் அதன் பிஸ்டனையும் இணைக்கும் தண்டில் இருக்கும். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்தால்தான் ரிசர்வாயருக்கு (எண்ணெய்த் தொட்டி) போகும் சிறு துவாரம் திறக்கும். புஷ்ராடில் ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இல்லாவிட்டால் துவாரம் மூடியே கிடக்கும். எண்ணெய் சூடாகி விரிந்தால் போக இடமில்லை. பெடலை விரலால் தள்ளிப் பாருங்கள். முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் நகர வேண்டும். பல கார்களில் பெடல் நுனியில் 1 முதல் 5 மி.மீ. வரை, உங்கள் காரின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். பெடலுக்கு மேலே உள்ள ஸ்விட்சையும் கவனியுங்கள். அதை அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தால் அதுவே பெடலைப் பிடித்து வைத்து இதே கோளாறைத் தரும்.

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5, பழைய மாடல். காலையில் பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நான்கைந்து முறை பம்ப் செய்தால் கியர் விழுகிறது.

பதில்: பம்ப் செய்தால் சரியாகிறது என்றால் பிளேட்டை மறந்துவிடுங்கள். சீல் தேய்ந்திருக்கிறது அல்லது லைனில் ஏர் பிடித்திருக்கிறது. இந்தக் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பது உங்கள் நல்ல காலம். அதன் ரப்பர் பூட்டை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் முடிந்தது. பிறகு காருக்குள் குனிந்து, பெடலுக்கு மேல் புஷ்ராடு எஞ்சின் பக்கச் சுவரை ஊடுருவும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் மாஸ்டர். இரண்டும் வெளியே காய்ந்திருந்து பெடல் மட்டும் மெல்ல இறங்கினால் மாஸ்டரின் உள் சீல் எண்ணெயைப் பின்னுக்கு விடுகிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்ற பழைய சீல் சில மாதங்களில் கைவிடுவது வழக்கம்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்தபின் நிப்பிளைத் திறக்க வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன ஏர் திரும்ப உள்ளே வரும். ரிசர்வாயர் காலியாகவே கூடாது. ஊற்றுவது பிரேக் எண்ணெய்தான்: டாட் 3 அல்லது டாட் 4 தரம், மூடியில் எழுதியிருப்பது எதுவோ அது. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: அண்ணா, நிசான் 370இசட். பெடல் தொய்ந்துவிட்டது, ஆனால் வெளியே எங்கும் கசிவே இல்லை. ஸ்லேவ் சிலிண்டரையும் காணோம்!

பதில்: அது பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு), இன்புட் ஷாஃப்டை (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டு) சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த மாடலில் அடிக்கடி போகும் பாகமும் அதுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பாருங்கள். சொட்டும் திரவம் மெல்லியதாய், கையில் எடுத்தால் தண்ணீரில் கழுவிப் போவதாய் இருந்தால் பிரேக் எண்ணெய். வழுவழுப்பாய், தண்ணீரில் போகாததாய் இருந்தால் எஞ்சின் அல்லது கியர் ஆயில். அது வேறு கதை. ரிசர்வாயர் மட்டம் குறைந்துகொண்டே போனாலும் பதில் ஒன்றுதான், கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். பொருத்தும் சமயம் கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. எதிரே தாங்க ஒன்றும் இல்லாததால் புதிய சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளி, சீல் வீணாகிவிடும்.

கேள்வி: கார்வெட் சி5. அதிக ஆர்.பி.எம்.மில் கியர் மாற்றினால் பெடல் திரும்பி வர மறுக்கிறது. ரிசர்வாயர் எண்ணெய் கறுப்பாக இருக்கிறது.

பதில்: அந்தக் கறுப்புதான் துப்பு. இதிலும் ஸ்லேவ் உள்ளேதான். கிளட்ச் தூசியும் ரப்பர் தேய்மானமும் எண்ணெயில் கலக்கின்றன, சூடும் ஏறுகிறது. இந்தக் காரில் கியர்பாக்ஸ் பின்பக்கம், எஞ்சினையும் அதையும் இணைக்க நடுவே டார்க் ட்யூப் என்ற நீண்ட குழாய். கிளட்சை எட்டுவது பெரிய வேலை, ஏர் நிப்பிளை எட்டுவதுகூட எளிதல்ல. எனவே மேலிருந்து தொடங்குங்கள்: ரிசர்வாயரிலுள்ள எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி, துடைத்து, புதிய டாட் 4 ஊற்றி, பெடலை 30 முறை மிதியுங்கள். மறுபடி கறுக்கும், மறுபடி மாற்றுங்கள். நிறம் தெளியும் வரை. டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம். பழைய எண்ணெயை வைத்துக்கொண்டு வேறு எதையும் கண்டறிய முயலாதீர்கள்.

கேள்வி: டொயோட்டா 86-இல் ஐடிலில் கீச்கீச் சத்தம். பெடல்மேல் கால் வைத்தாலே நின்றுவிடுகிறது. எந்த பேரிங்?

பதில்: ரிலீஸ் பேரிங். இந்தக் காரில் பலரும் கேட்ட சத்தம்தான். இலேசாகத் தொட்டாலே நிற்கிறதென்றால், பாரமில்லாமல் இருக்கும் பேரிங் ஆடுகிறது என்று பொருள். பெடல் எடை மாறாமல் இருந்தால் அவசரமில்லை, அடுத்த கிளட்ச் வேலையில் மாற்றலாம்.

மற்ற சத்தங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முழுக்க மிதிக்கும்போது உறுமினால் ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது உறுமி, முழுக்க மிதித்துச் சற்றுப் பொறுத்தபின் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். நின்ற வண்டியில், கியர் போட்டு, பெடலை மிதித்திருக்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் பேரிங் (எஞ்சினின் கிராங்க் தண்டின் முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது). அப்போதுதான் கிராங்க் சுற்ற, ஷாஃப்ட் நிற்கிறது. எஞ்சினை அணைக்கும் கணத்தில் கடகடவென்று உதறினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும், நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்).

கேள்வி: ரிவர்ஸ் மட்டும் கரகரக்கிறது. கியர்பாக்ஸ் கோளாறா, கிளட்சா?

பதில்: பெடலை முழுக்க மிதித்து, பத்து விநாடி எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அமைதியாக விழுந்தால் கோளாறே இல்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன் செய்யும் பாகம்) கிடையாது, ஷாஃப்ட் நிற்கும் முன் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: போர்ஷே 911, 996 மாடல். கிளட்ச் மாற்ற முடிவாகிவிட்டது. வேறென்ன சேர்த்துச் செய்யலாம்?

பதில்: கிராங்கின் பின் ஆயில் சீல், ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் உள்ள இடைத் தண்டின் பேரிங்) இரண்டும் அப்போதுதான் கைக்கு எட்டும், அப்போதே பாருங்கள். உங்களுடையது 996 டர்போ என்றால் பேரிங் கவலை இல்லை, அதன் எஞ்சின் வேறு. ஆனால் அதன் கிளட்ச் ஸ்லேவ், பவர் ஸ்டியரிங் எண்ணெயில் இயங்குகிறது; அந்த மட்டம் குறைந்தால் ஸ்லேவையும் சந்தேகியுங்கள், பிரேக் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்.

எந்தக் காரானாலும்: பிளேட்டின் ரிவெட் தலைக்கும் மேற்பரப்புக்கும் இடையே 0.3 மி.மீ. என்பது பல மேனுவல்களின் எல்லை, அதற்குக் குறைந்தால் மாற்றுங்கள். நீலப் புள்ளிகளும் மயிரிழை வெடிப்பும் விழுந்த ஃப்ளைவீல் உதறலைக் கொண்டுவரும்; ஒற்றை ஃப்ளைவீலைக் கடைசல் பிடிக்கலாம், டூயல் மாஸைப் பொதுவாக மாற்றத்தான் வேண்டும். ஆயில் பட்ட பிளேட்டைக் கழுவிப் போடுவது வீண். கசிவை நிறுத்திப் புதிது போடுங்கள். ஸ்ப்ளைனில் (பிளேட் ஏறும் ஷாஃப்டின் பல்வரிகள்) கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும், மிச்சத்தைத் துடையுங்கள். அதிகம் பூசினால் சுழன்று பிளேட்டிலேயே தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்களைக் குறுக்கும் மறுக்குமாக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் வகைப் பிரஷர் பிளேட்டுக்கு அதற்கான கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: புதுசு போடும்போதே செராமிக் பிளேட் போட்டால் என்ன?

பதில்: எஞ்சினின் முறுக்குவிசையை ஏற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வேண்டாம். சூட்டைத் தாங்கும், பலமாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் பிடிப்பது சுவிட்ச் போட்டதுபோல். நெரிசலில் ஒவ்வொரு நகர்வும் உதறும், ஃப்ளைவீலையும் வேகமாகத் தின்னும். ஆர்கானிக் பிளேட்டும் (வழக்கமான வகை) சற்றே வலுவான பிரஷர் பிளேட்டும் சாலைக்கும் அவ்வப்போது டிராக்குக்கும் போதும். எதைப் போட்டாலும் தொடக்கத்தில் 500 முதல் 800 கி.மீ. வரை நின்று நின்று ஓடும் நகரப் பயணமே புதிய பிளேட்டைப் பழக்கும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிய தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே கிளட்ச் பிடித்தபடியே இருக்கிறது, பழகுவதே இல்லை.