முதல் ரோடு சைக்கிள்: புதுசா, பழசா?

கேள்வி: கோவையிலிருந்து சிறுவாணி ரோட்டில் வாரக் கடைசியில் ஓட்ட ஒரு ரோடு சைக்கிள் (வளைந்த ஹேண்டில், ஒல்லி டயர் வண்டி) வாங்க ஆசை. உயரம் 5 அடி 6 அங்குலம், கையில் 30,000 ரூபாய். புதுசா, பழசா?

பதில்: என் ஓட்டு பழசுக்குத்தான், ஆனால் ஃபிரேம் அளவு பொருந்தினால் மட்டும். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் 52 அல்லது 54 செ.மீ. சரியாக வரும். பெரிய ஃபிரேமைக் காட்டி "சீட்டை இறக்கிக்கலாம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், ஹேண்டில் எட்டாமல் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டுவிட்டு எண்ணி வரும் 24ஆவது பின்னின் நடுவரை அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்றணும். 1/8 கூடியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஹேண்டில் கழுத்து, பெடல் அச்சு இரண்டுக்கும் பக்கத்திலுள்ள வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் அந்த வண்டி வேண்டாம். பழைய கார்பன் ஃபிரேம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

கியருக்கு ஷிமானோ கம்பெனியின் தொடக்கநிலை ரோடு கியர் செட்டான கிளாரிஸ் தாராளமாகப் போதும். 28 மி.மீ. அகல டயர் நுழைகிற ஃபிரேமாகப் பாருங்கள்.

முழுப் பணத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிடாதீர்கள்! ஹெல்மெட், விளக்கு, ட்யூப், பம்ப் எல்லாவற்றுக்கும் 4,000 ரூபாயாவது ஒதுக்குங்கள், ஏனென்றால் ரோடு டயரின் ஒல்லி வால்வுக்குச் சாதாரண பஞ்சர் கடை பம்ப் அடாப்டர் இல்லாமல் சேராது.