கப்சூலைக் குத்தி மணந்து பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று மீன் எண்ணெய் பற்றியவை. நான் வைத்தியர் அல்ல. கொழும்பு காலி வீதியில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கடை நடத்திய மருந்தாளர். அந்த எல்லைக்குள் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கனடாவிலிருந்து வந்த தம்பி 400 மீன் எண்ணெய்க் கப்சூல் உள்ள பெரிய போத்தல் ஒன்று தந்துவிட்டுப் போனான். மூன்று மாதமாக நானும் கணவரும் காலைத் தேநீரோடு ஆளுக்கு ஒன்று போடுகிறோம். பத்து மணிவரை ஒரே மீன் ஏவறை. இப்போது போத்தலைத் திறந்தாலே ஒரு மணம் அடிக்கிறது. முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. தொடர்ந்து போடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ஏவறை வேறு, மணம் வேறு. முதலில் ஏவறை. அது நல்ல எண்ணெய்க்கும் வரும். வெறும் வயிற்றில் தேநீரோடு விழுங்கினால் கப்சூல் வயிற்றில் உடைந்து எண்ணெய் மேலே மிதக்கும், ஏவறையோடு தொண்டைக்கு ஏறும். மத்தியானச் சோற்றின் நடுவில் போட்டுப் பாருங்கள், பாதி அடங்கிவிடும். நெஞ்செரிவு, குமட்டல், சிலருக்கு வயிற்றோட்டம் எல்லாம் இதே வகைதான். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும், அல்லது அளவைக் குறைத்தால் போய்விடும்.

மணம் அப்படியல்ல. வெள்ளவத்தைச் சந்தையில் கும்பளா வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பீர்களா? மீன் எண்ணெய்க்கு மட்டும் போத்தலில் அச்சடித்த திகதியை நம்புகிறோம். அந்தத் திகதி மூடி திறக்காத போத்தலுக்கு, லேபிளில் சொன்ன சூட்டுக்குள் வைத்திருந்தால்தான் செல்லும். உங்கள் போத்தலைத் திறந்து மூன்று மாதமாகிறது.

தேங்காய் எண்ணெய் குசினியில் மாதக்கணக்கில் இருந்தும் கெடுவதில்லை, மீன் எண்ணெய் மட்டும் ஏன் கெடுகிறது? நாம் தேடும் ஒமேகா 3தான் காரணம். அதில் ஈ.பி.ஏ. என்ற கொழுப்பமிலத்தில் ஐந்து இரட்டைப் பிணைப்பு, டி.எச்.ஏ.யில் ஆறு. காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த இடங்களில்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெயில் அந்தப் பிணைப்புகள் மிகக் குறைவு. சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் சேர்ந்தால் வேலை விரைவில் முடிந்துவிடும். கொழும்பு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். என் கடை வீதியின் தரைப்பக்கம், முகப்பு கடலைப் பார்த்தபடி. பின்னேர வெயில் நேரே கண்ணாடிக்குள் விழும். அந்தக் கண்ணாடி அலுமாரியில்தான் மீன் எண்ணெய்ப் போத்தல்களை அழகாக அடுக்கியிருந்தேன், தங்க நிறத்தில் மினுங்கும் என்று. ஒரு வாடிக்கையாளர் அம்மா போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, இது பெயின்ற் மணக்குது" என்றார். நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பெயின்றேதான். அன்று அலுமாரியில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். கம்பனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிழை முழுக்க என்னுடையது.

ஆகவே ஒரு கப்சூலை ஊசியால் குத்திக் கரண்டியில் பிழிந்து மணந்து பாருங்கள், நாக்கிலும் ஒரு துளி வையுங்கள். இலேசான மீன் வாசனை சரி. பெயின்ற், சிக்கெடுத்த பழைய முறுக்கு, தொண்டையைக் காறும் கசப்பு என்றால் குப்பைக்குத்தான். எலுமிச்சை மணம் சேர்த்தவை மணத்தை மறைத்துவிடும், அவற்றுக்குச் சுவையைத்தான் நம்ப வேண்டும். மூக்குக்கும் ஒரு குறை உண்டு. எண்ணெய் கெடத் தொடங்கும்போது முதலில் உண்டாகும் பெரொக்சைட்டுக்கு மணமில்லை, அது உடைந்த பிறகுதான் மணம் வரும். ஆய்வுகூடத்தில் இரண்டையும் அளப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த எண்ணுக்கு, சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் 2017இல் வைத்த எல்லை 26. அதற்கு இரண்டு வருடம் முன்பு நியூசிலாந்தில் விற்ற 32 வகைகளைச் சோதித்தவர்கள், பெரும்பாலானவை பரிந்துரைத்த அளவுகளில் ஏதாவது ஒன்றை மீறியிருந்ததாக எழுதினார்கள். விலை கூடியதும், திகதி தள்ளியிருந்ததும் நல்லது என்று சொல்ல முடியவில்லை. உற்பத்தியாளர்கள் அதை மறுத்து வேறு சோதனைகளைக் காட்டினார்கள், அது தனிச் சண்டை.

கெட்ட ஒன்றை விழுங்கியதால் யாரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் எதற்காகப் போடுகிறோமோ அதுதான் அதில் அழிந்திருக்கிறது. இனி தம்பியிடம் 60 உள்ள சிறிய போத்தல் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அடுப்புக்கு மேல் தட்டில் அல்ல. லேபிளின் பின்பக்கத்தையும் பாருங்கள்: முன்னால் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று இருப்பது எண்ணெயின் அளவு. சாதாரண வகையில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, மொத்தம் 300தான்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இதயத் துடிப்பு சீரில்லை என்று வார்ஃபரின் குடிக்கிறார். மீன் எண்ணெய் குழாய் அடைப்பைக் கரைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நாளுக்கு நான்கு கப்சூல் கொடுக்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, வைத்தியரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. மீன் எண்ணெயும், குறிப்பாக அளவு கூடினால், இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும். சின்ன அளவில் பலருக்கு ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண், அசைவதில்லை. ஆனால் உங்கள் அப்பா அந்தப் பலரில் ஒருவரா என்பது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள். முரசில் இரத்தம், காரணமில்லாத கன்றல், கறுப்பு மலம் கண்டால் தவணை வரை காத்திருக்காமல் ஓடுங்கள்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. மீன் எண்ணெயே துடிப்பைக் குழப்பலாம். 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சுத்திகரித்த ஈ.பி.ஏ. நாளுக்கு 4 கிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்தத் துடிப்புக் கோளாறால் வைத்தியசாலையில் சேர்ந்தார்கள். எடுக்காதவர்களில் அது இரண்டு. மாரடைப்பு முதலியவை அந்த ஆய்வில் குறைந்தன என்பதும் உண்மை. ஆனால் அது வைத்தியர் எழுதித் தருகிற மருந்து, கடையில் வாங்கும் கப்சூல் அல்ல. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில் ஏறத்தாழ 26,000 பேருக்கு நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெயோ வெறும் கப்சூலோ கொடுத்து ஐந்து வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடைப்பைக் கரைப்பது நண்பரின் கற்பனை. வாரத்தில் இரண்டு நாள் சாளைக் குழம்பு வையுங்கள், அப்பாவும் சந்தோஷப்படுவார்.

கேள்வி: மகள் நாலு மாதக் கர்ப்பிணி. நாங்கள் சின்ன வயதில் குடித்த கொட் மீன் ஈரல் எண்ணெய் கொடுக்கலாமா?
– பம்பலப்பிட்டி அம்மா

பதில்: வேண்டாம் அம்மா. ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ நிறைய இருக்கிறது, கூடினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கேடு. மீனின் உடம்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு, அதையும் கிளினிக்கில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். நெத்தலி, சாளை தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். சுறா மட்டும் இப்போது வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் கூடச் சேரும். பிள்ளை பிறந்ததும் பால் சுரக்க என்று சுறா வறையோடு யாராவது வந்து நிற்பார்கள். அப்போது எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.