பாலிப் எடுத்ததால் பில்லா?

கேள்வி: எனக்கு 52 வயது. அமெரிக்காவில் அலுவலகக் காப்பீடு உண்டு. தொந்தரவு எதுவும் இல்லாமல், வயதுக்கான ஸ்கிரீனிங் (முன்கூட்டிய பரிசோதனை) என்று கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டேன். இரண்டு பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) எடுத்தார்கள். இப்போது 45385, 45380-59 என்று இரண்டு குறியீடுகள் போட்டு, டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை) கட்டச் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: இரண்டு குறியீடு இருப்பதாலேயே தவறு என்று சொல்ல முடியாது. சிபிடி எனும் மருத்துவச் செயல்முறைக் குறியீட்டில் எத்தனை பாலிப் என்பது கணக்கில்லை, எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. ஸ்நேர் எனும் சுருக்குக் கம்பியால் அறுத்தால் 45385. ஐந்து எடுத்தாலும் ஒரு தடவைதான் போட வேண்டும். சூடேற்றாத ஃபோர்செப்ஸால் (இடுக்கி) கிள்ளினால் 45380, பாலிப் முழுசாக வந்துவிட்டாலும் அதேதான். மின்சூடு கொடுத்த ஃபோர்செப்ஸ் என்றால் 45384.

கூடவே வரும் 59, 'இது வேறொரு பாலிப்' என்று சொல்லும் மாடிஃபையர் (குறியீட்டோடு சேர்க்கும் துணை எண்). ஒரே பாலிப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அதையே ஸ்நேரால் எடுத்திருந்தால் 45385 மட்டும்தான் செல்லும். கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு பாலிப்பும் எந்த இடத்தில் இருந்தது, எதனால் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

டிடக்டிபிள் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஸ்கிரீனிங்கில் தட்டுப்பட்ட பாலிப்பை எடுப்பதும் ஸ்கிரீனிங்கில் சேர்ந்ததே. காப்பீட்டின் நெட்வொர்க்குக்குள் செய்திருந்தால், ஏசிஏ எனும் அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில் நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது ஸ்கிரீனிங்தான் என்று கிளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் கோரிக்கை) சொல்ல வேண்டுமே! அதற்கு இரண்டு குறியீட்டிலும் 'இது தடுப்புச் சேவை' என்று சொல்லும் மாடிஃபையர் 33 இருக்க வேண்டும். நோய்க் குறியீட்டில் பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்கைக் குறிக்கும் இசட்12.11 முதலிலும் பாலிப்புக்கானது (பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் அடினோமா எனும் வகைப் பாலிப் என்றால் டி12.5) அடுத்ததாகவும் வர வேண்டும். 33 விடுபட்டாலோ வரிசை மாறினாலோ சிகிச்சைக் கணக்கில் போய்விடும்.

மருத்துவரின் பில்லிங் அலுவலகத்தை அழைத்து, திருத்திய கிளெய்ம் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை பணம் கட்டாதீர்கள். காப்பீடு மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. மயக்க மருந்து, பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) பில்கள் தனியாக வரும், அவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். மயக்க மருந்துக்கு, ஸ்கிரீனிங்குக்கான 00812 இருக்க வேண்டும். 00811 என்றிருந்தால் கேளுங்கள்.

ரத்தப்போக்கு, வயிற்றுவலி என்று போய்ச் செய்த பரிசோதனையை மட்டும் ஸ்கிரீனிங்காக மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். அது பொய்க் கிளெய்ம். மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 33க்குப் பதில் பிடி என்ற மாடிஃபையர். அங்கே பாலிப் எடுத்தால் 2026 வரை 15 சதவீதம் கட்ட வேண்டும்; 2027 முதல் 10, 2030 முதல் எதுவுமில்லை.