யார் குரல் இது? மக்கள் தொடர்பு நிறுவனங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பல நாடுகளில் கிளைகளோடு இயங்கும் மக்கள் தொடர்பு நிறுவனங்கள் எப்படித் தோன்றி வளர்ந்தன? ஏதேனும் ஒரு நிறுவனத்தை முன்வைத்து விளக்க வேண்டுகிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இத்துறையின் வரலாறு முழுவதையும் தன் வரலாற்றிலேயே கொண்டுள்ள நிறுவனம் என்று ‘ஹில் அண்ட் நோல்ட்டன்’ நிறுவனத்தைச் சொல்லலாம். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் செய்தியாளராக இருந்த ஜான் ஹில், 1927-இல் தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கும் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அவருக்கு வேலை கொடுத்து வந்த வங்கி மூழ்கிப்போக, அதன் விளம்பரப் பொறுப்பில் இருந்த டான் நோல்ட்டன் 1933-இல் அவருடன் கூட்டாளியாகச் சேர்ந்தார். எஃகு ஆலைகளின் சங்கம் வாடிக்கையாளராகக் கிடைத்ததும் ஹில் நியூயார்க்குக்கு இடம் மாறினார். நோல்ட்டன் கிளீவ்லேண்டிலேயே தங்கிவிட்டார். தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றுவந்த காலம் அது. ஆலை முதலாளிகளுக்குத் தங்கள் தரப்பை நாட்டு மக்களிடம் எடுத்துச் சொல்லும் ஆள் தேவைப்பட்டது, அந்தத் தேவையே இந்த நிறுவனத்தை வளர்த்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிறுவனங்கள் கடல் கடந்து கடை விரித்தபோது, அவற்றின் பின்னாலேயே ஹில்லின் நிறுவனமும் 1950-களில் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1980-இல் ஜே. வால்டர் தாம்சன் விளம்பரக் குழுமம் அதை விலைக்கு வாங்கியது. 1987-இல் அந்தக் குழுமத்தையே பிரிட்டனின் டபிள்யூ.பி.பி. என்ற விளம்பரக் குழுமம் வாங்கிவிட்டது. 1953-இல் ஹரால்ட் பர்சனும் பில் மார்ஸ்டெல்லரும் தொடங்கிய போட்டி நிறுவனமும் காலப்போக்கில் அதே குழுமத்துக்குள் வந்து சேர்ந்தது. 2024-இல் இரண்டும் இணைக்கப்பட்டு, இன்று ‘பர்சன்’ என்ற ஒரே பெயரில் இயங்குகின்றன.

கேள்வி: பி.ஆர்.ஓ. என்றால் எங்களுக்குச் சினிமா பி.ஆர்.ஓ.தான் தெரியும். இவ்வளவு பெரிய நிறுவனத்தில் நாள்தோறும் என்னதான் வேலை நடக்கும்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: செய்திக் குறிப்பு எழுதுவது, பத்திரிகையாளர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது, தொலைக்காட்சியில் பேசப்போகும் நிர்வாகிக்குப் பயிற்சி கொடுப்பது, வாடிக்கையாளரைப் பற்றி எங்கே என்ன எழுதப்படுகிறது என்று கண்காணிப்பது, அரசு எடுக்கவிருக்கும் முடிவுகளை முன்கூட்டியே அறிந்து சொல்வது ஆகியவை அன்றாட வேலைகள். பெரும்பாலும் மாதக் கட்டணம் பேசிக்கொள்வார்கள், அல்லது செலவிட்ட நேரத்துக்குக் கணக்கிட்டு வாங்குவார்கள். விளம்பரம் என்றால் இடத்தை விலைக்கு வாங்க வேண்டும், அது விளம்பரம் என்று வாசகருக்கும் தெரியும். இங்கேயோ செய்தியாளரே தம் பெயரில் எழுதும்படி தகவலைக் கொண்டுசேர்க்கிறார்கள். இந்தத் தொழிலின் வலிமையும் ஆபத்தும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

நெருக்கடி வரும்போது இந்த வேலை நேர்மையாகவும் நடக்க முடியும். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலக்கப்பட்ட ‘டைலினால்’ என்ற வலிநிவாரணி கேப்சூல்களால் ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதும் கடைகளில் இருந்த சரக்கைத் திரும்பப் பெற்றது. பிறகு யாரும் பிரித்தால் தெரிந்துவிடும் புதிய உறையுடன் அந்த மருந்தை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவர, பர்சனின் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் பல நகரங்களை இணைத்துச் செய்தியாளர் கூட்டத்தை நடத்தித் தந்தது. பேசியவர் யார் என்பதில் எந்த மறைவும் இல்லை. சொன்னதற்கு ஏற்ற செயலும் இருந்தது.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு பொய்யை மெய்யாக்குவதுதான் இவர்கள் தொழில் என்கிறார் என் நண்பர். இது நியாயமான குற்றச்சாட்டா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் உங்கள் நண்பர் காரணமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. சிகரெட்டுத் தார் பூசப்பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை ஆய்வாளர்கள் வெளியிட்டதால் பதறிப்போன அமெரிக்க சிகரெட் நிறுவனத் தலைவர்கள், 1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி, ஜான் ஹில்லின் உதவியை நாடினார்கள். சிகரெட்டால் ஆபத்தில்லை என்று அடித்துப் பேசும்படி அவர் யோசனை கூறவில்லை. உண்மையைக் கண்டறிய நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்று அறிவிக்கச் சொன்னார். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில், ‘புகைபிடிப்பவர்களுக்கு ஒளிவுமறைவற்ற அறிக்கை’ என்ற பொருள்படும் தலைப்பில் முழுப்பக்க அறிவிப்பு வெளிவந்தது; மக்களின் உடல்நலமே எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலானது என்று அதில் எழுதியிருந்தார்கள். அதோடு ஓர் ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. பெயரில் ஆராய்ச்சி இருந்தாலும் அதன் அன்றாடப் பணிகளில் பெரும்பங்கை ஹில்லின் ஊழியர்களே கவனித்தார்கள். விஞ்ஞானிகளுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்ததுதான் அந்தக் குழுவின் சாதனை. அந்த ஆண்டுகளில் புகையை விடாதவர்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கும்போது, அதைத் திறமை என்று பாராட்ட என்னால் முடியவில்லை.

1990-இல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஆகஸ்ட் மாதத்தில் இராக் குவைத்தைக் கைப்பற்றியதும், ‘சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. அதன் பணத்தில் மிகப் பெரும்பகுதி குவைத் அரசுடையது. அதிலிருந்து ஹில் அண்ட் நோல்ட்டனுக்குச் சென்ற தொகை ஒரு கோடி டாலருக்கும் அதிகம். அக்டோபர் 10 அன்று, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் ‘நயிரா’ என்ற 15 வயதுப் பெண், மருத்துவமனைக்குள் புகுந்த இராக் படையினர் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளைத் தரையில் எடுத்துப் போட்டுச் சாகவிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அழுதுகொண்டே சொன்னாள். அது முறையான நாடாளுமன்றக் குழுவாக இல்லாததால் உறுதிமொழி எடுக்க வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப்பெயர் மறைக்கப்படுவதாகக் கூறப்பட்டது. அந்தக் காட்சியை நிறுவனமே படம்பிடித்துத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியது. அதிபர் புஷ் தம் உரைகளில் இன்குபேட்டர் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். 1991 ஜனவரி 12 அன்று, 52-க்கு 47 என்ற வாக்கு வித்தியாசத்தில் செனட் போருக்கு ஒப்புதல் அளித்தது. அவள் வாஷிங்டனில் இருந்த குவைத் தூதரின் மகள் என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது 1992 ஜனவரியில்தான். போருக்குப் பின் விசாரித்தவர்களுக்கு அந்தக் கதைக்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. இராக் படையினர் குவைத்தில் கொலையும் கொள்ளையும் செய்தது உண்மை. அந்த உண்மையோடு இதைச் சேர்த்துவிட்டதுதான் எனக்குப் பெருங்கொடுமையாகப் படுகிறது, ஏனெனில் மெய்யாகவே துன்பப்பட்டவர்களின் சாட்சியமும் இதனால் சந்தேகத்துக்கு உள்ளானது.

கேள்வி: இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: அயல்நாட்டுத் தரப்புக்காக வேலை செய்வோர் அரசிடம் பதிவு செய்து, வாங்கிய தொகையையும் செய்த பணியையும் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1938 முதல் இருக்கிறது. ஹில் அண்ட் நோல்ட்டனும் குவைத் பணிக்காகப் பதிவு செய்தே இருந்தது. ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்பது கோப்பில் இருந்தது. நயிரா பேசிய அன்று அந்தக் கோப்பைப் புரட்டி, இவள் யார் மகள் என்றும் விசாரித்திருக்க வேண்டியவர்கள் செய்தியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் அனுப்பப்பட்ட படத்தை அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்தப் பதிவுகளை இன்று எவரும் இணையத்தில் படிக்கலாம்.

இந்தியாவில் இதற்கு ஈடான ஏற்பாடு இல்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு யூனியன் கார்பைடுக்காகப் பர்சனின் நிறுவனம் பணியாற்றியது. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்துக்காக அரசையோ ஊடகத்தையோ அணுகுபவர் தம் வாடிக்கையாளர் யார், கட்டணம் எவ்வளவு என்று பொதுப் பதிவேட்டில் எழுதவேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே இன்றளவும் இயற்றப்படவில்லை. உங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் இதைக் கையில் எடுக்கவேண்டும் என்பது என் விருப்பம்.