0.5 மி.மீ. ஐசி கால்கள் ஒட்டிக்கொள்வது குறித்து

வணக்கம். 0.5 மி.மீ. இடைவெளியுள்ள ஐசியின் (சிப்பின்) கால்களைச் சோல்டர் (பற்றாசு) ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது, சோல்டரை உருக்கும் அடுப்பின் வெப்பத்தை மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுப்பை விடுங்கள், ஸ்டென்சிலை, அதாவது போர்டில் பேஸ்ட் (சோல்டர் பசை) பூசப் பயன்படும் துளைகளுள்ள மெல்லிய தகட்டைக் கவனியுங்கள்.

போர்டு நடுவில் தொய்ந்தால், தகட்டுக்கும் அதற்கும் இடையே பேஸ்ட் கசியும். தகட்டைத் தூக்கியதும் திருப்பிப் பாருங்கள்: துளைகளைச் சுற்றிச் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தால் கசிவு உறுதி. அடியில் சமமான தாங்கல் கொடுங்கள். நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு உடனே துடையுங்கள்.

அதற்குப் பிறகும் ஒட்டினால் 0.12 மி.மீ. தடிமனுள்ள தகடு, 0.22 மி.மீ. அகலத் துளை என்று மாற்றுங்கள். துளையின் பரப்பைச் சுவர்களின் பரப்பால் வகுத்தால் 0.66க்குக் குறையக்கூடாது, குறைந்தால் பேஸ்ட் துளையிலேயே தங்கிவிடும். பேஸ்டைப் பிளாஸ்டிக் அட்டையால் இழுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எஃகு ஸ்க்வீஜி (பேஸ்டை இழுத்துப் பரப்பும் தட்டையான அலகு), 60 டிகிரி சாய்வு, ஒரே சீரான இழுப்பு.