பிரெய்ரிச் சிற்றூரில் ஓரிரவு: உள்ளூர் மக்களோடு பழகுவது எப்படி?

கேள்வி: செப்டம்பர் இறுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து கல்கரிக்குப் பிள்ளைகளோடு காரில் செல்கிறோம். வழியில் பிரெய்ரி எனப்படும் மேற்குக் கனடாச் சமவெளியின் ஒரு சிற்றூரில் தங்கி, அங்குள்ளவர்களோடு பேசிப் பழக விரும்புகிறோம். கூச்சமாகவும் இருக்கிறது. எங்கே, எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் நெடுஞ்சாலையை விட்டு விலகுங்கள். டிரான்ஸ்-கனடா சாலையோர ஊர்களில் நாள் முழுவதும் வண்டிகள் வந்து எரிபொருள் நிரப்பிப் போவதால், அங்கே வழிப்போக்கரை எவரும் தனித்துக் கவனிப்பதில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தின் கல் லேக் (Gull Lake) என்ற ஊரில் தெற்கே திரும்பி, ஷானவன் வழியாக ஈஸ்டெண்டுக்குச் செல்வது என் பரிந்துரை. சில நூறு பேரே வாழும் அந்த ஊரின் அருகில்தான், 1991இல் தொல்லுயிர் ஆய்வாளர்களுடன் சென்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் கெப்ஹார்ட், இன்று 'ஸ்காட்டி' என அழைக்கப்படும் டைரனோசரஸ் வகை டைனோசரின் எலும்புகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்குப் பேச்சைத் தொடங்க ஒரு காரணமும் கிடைக்கும். அது திறந்திருக்கும் நாள்களை முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பழகுவதற்கு ஏற்ற நேரம் காலை பத்து மணியளவு. ஊரின் காபிக் கடையிலோ கூட்டுறவு அங்காடியிலோ ஒரே மேசையைச் சுற்றித் தினமும் சிலர் கூடுவார்கள். இதைக் 'காபி ரோ' என்பார்கள். நீங்கள் போகும் மாதம் அறுவடைக் காலமாதலால் இளைய விவசாயிகள் வயலில் இருப்பார்கள். மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், கேட்பதற்கு ஆள் கிடைத்தால் மகிழ்பவர்கள். அவர்களுடைய வழக்கமான நாற்காலிகளில் அமராமல், பக்கத்து மேசையில் அமர்ந்து வணக்கம் சொல்லி, அறுவடை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். மழை வந்தால் நல்லது என்று மட்டும் நம் வழக்கப்படி சொல்லிவிட வேண்டாம். விளைந்த கோதுமை வயலில் நிற்கும்போது அங்கே வேண்டப்படுவது வெயில்தான். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்றும் கேட்காதீர்கள். அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். பேச்சு தளர்ந்தால் சஸ்காச்சுவானின் கனடியக் கால்பந்து (ஃபுட்பால்) அணியான ரஃப்ரைடர்ஸ் இருக்கிறது. நீங்கள் ரொறன்ரோ என்று அறிந்ததும் அந்நகரின் ஆர்கோனாட்ஸ் அணியை வைத்து உங்களைக் கேலி செய்யக்கூடும். நட்பு தொடங்கிவிட்டது என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் என்று நேரடியாகவே கேட்பார்கள். அடுத்த ஊரிலிருந்து வந்தவரிடமும் யாருடைய பிள்ளை என்று விசாரிக்கும் பழக்கம் அது. ஸ்காபரோ என்று சொல்லுங்கள். விருப்பமிருந்தால் அதற்கு முந்தைய ஊரையும் சொல்லலாம். எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். பதில் சுருக்கமாக வந்தால் தொடர வேண்டியதில்லை.

ஒரு மாலை மட்டுமே கிடைக்குமானால், அஞ்சலகத்திலோ அங்காடியிலோ உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் தேவாலயங்களும் சமூக மண்டபங்களும் 'ஃபௌல் சப்பர்' என்ற பொது விருந்தை நடத்துகின்றன. கட்டணம் செலுத்தி யாரும் போகலாம். வான்கோழி, பிசைந்த உருளைக்கிழங்கு, பை (pie) எனப் பரிமாறப்படும் அந்த நீண்ட மேசையில் அறிமுகம் தானாகவே நிகழும். நானாயின் பயணத் தேதியையே அதற்கேற்ப மாற்றுவேன்.

கிராமச் சாலையில் எதிரே வரும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் அது வணக்கம்; நீங்களும் உயர்த்துங்கள். அறுவடை இயந்திரம் முன்னே சென்றால் பொறுமையாகப் பின்தொடருங்கள். படம் எடுப்பதற்காக வயலுக்குள் இறங்க வேண்டாம்: 2022 ஜனவரி 1 முதல் சஸ்காச்சுவானில் உரிமையாளரின் முன் அனுமதி பெற்றே கிராமப்புற நிலத்துக்குள் நுழைய வேண்டும். அந்த மாகாணத்தில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் செப்டம்பரில் ரொறன்ரோவைவிடக் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ஊரை அடைந்துவிடுங்கள்.